ஊசி முனையில் ஒரு தோட்டத்துக் குரல்

இசைத்தட்டைக் கழுவும்போது நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பசியாறல் முடிந்ததும் எங்கள் வீட்டுக் குசினியில் நான் உட்காரும் முதல் வேலை இது. கார் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் ஒரு போத்தல், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மெல்லிய துணி ஒன்று. வரி ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தால் தட்டு வாழ்நாள் முழுக்கக் கீறலோடுதான் பாடும். எங்கள் சுங்கை செம்பிலாங், கோல சிலாங்கூரின் கடலோர ஊர். ஜெராம் பக்கத்திலிருந்து வீசும் உப்புக்காற்றும் நசநசப்பும் எந்தத் தட்டையும் சும்மா விடுவதில்லை. இரண்டு மாதம் உறையிலேயே கிடந்தால் போதும், வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை பிடித்துவிடும்.

அன்று நான் கழுவிக்கொண்டிருந்தது ஏழு அங்குலத் தட்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வார்த்தது. தாள் கோணலாக ஒட்டியிருந்தது. பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் அந்த வழுவழுப்பான வளையத்தில் யாரோ ஆணியால் கீறியதுபோல எண்கள். நடுத்துளை நம்மூர்த் தட்டுகளில் இருப்பதைவிடப் பெரியது. அதற்கென்றே மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வில்லை உண்டு. அதைப் பொருத்தினால்தான் நம் வீட்டுச் சுழல்மேசையில் உட்காரும். பாட்டின் பெயர் 'பூப்ஸ்'. பாடியவர் சூப்பர் கேட்.

அது மேடைப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் வில்லியம் மராக். அந்த 'மராக்' என்ற சொல்லில்தான் எனக்கு இத்தனை ஈடுபாடும். 'மகராஜ்' என்று இந்தியாவிலிருந்து கப்பலேறிய பெயர், ஜமைக்கா நாக்கில் தேய்ந்து தேய்ந்து 'மராக்' ஆகிவிட்டது. நம்மூரில் கிராணிமார் எழுத்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயர் ஒரு விதமாகவும் தம்பி பெயர் ஒரு விதமாகவும் பதிவான கதை நமக்கெல்லாம் தெரியும். அதே கதைதான் உலகத்தின் அந்தக் கோடியிலும் நடந்திருக்கிறது.

1845 மே 10. 'பிளண்டெல்' என்ற கப்பல் ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் பே கரையில் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. 1838இல் கறுப்பின அடிமைகள் முழு விடுதலை பெற்றுக் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறத் தொடங்க, வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐந்து வருட ஒப்பந்தம் எழுதி இந்தியாவிலிருந்து ஆள் பிடித்தார்கள். 1917 வரை 36,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலானவர்கள் கல்கத்தாத் துறைமுகத்தில் ஏறிய வடக்கத்தியர். மதராசிலிருந்து போனவர்களும் உண்டு. அவர்களோடு மிளகாயும் கறியும் போயின, மொகரம் ஊர்வலத்து மேளம் போயிற்று, கஞ்சா என்ற சொல்லும் போயிற்று. ஜமைக்காவில் இன்றும் அதற்குப் பெயர் கஞ்சாதான். ஜமைக்காவின் ராஸ்தாபாரி சமய இயக்கத்தின் முதல் குரல்களில் ஒருவரான லியனார்ட் ஹாவல், 1930களில் தம் நூலை வெளியிட்டபோது தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'கங்குங்குரு மராக்'. கறுப்பினத்தவரான அவர், மரியாதைக்குரிய ஒரு பெயர் தேவைப்பட்டபோது இந்தியப் பெயரைத் தேடி எடுத்திருக்கிறார். இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நான் இதற்கெல்லாம் வந்து சேர்ந்த வழி ஒரு தமிழ்ப்படம். 1996இல் 'லவ் பேர்ட்ஸ்' வெளிவந்தது. பி. வாசு இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை, பிரபுதேவா ஆட்டம். அதில் 'நோ ப்ராப்ளம்' பாட்டில் கரகரவென்று ஒரு குரல் வந்து தாளத்துக்குள் சொற்களை உருட்டிவிட்டுப் போகும். நான் அப்போது படிவம் மூன்று. புக்கிட் ரோத்தான் பாசார் மாலாமில் வாங்கிய கேசட்டில் அந்தப் பாட்டை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டுக் கேட்டு நாடா இழுபட்டுப் போயிற்று. அந்தக் குரல் அப்பாச்சி இண்டியனுடையது. பெயரைப் பார்த்து அமெரிக்கச் செவ்விந்தியர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், ஹேண்ட்ஸ்வொர்த் வட்டாரத்தில் வளர்ந்த பஞ்சாபி. இயற்பெயர் ஸ்டீவன் கபூர். 1993இல் அவருடைய 'பூம் ஷக் அலக்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணத்தைப் பற்றி ஜமைக்காவின் ரெகே தாளத்தில் பாடி அதையும் ஓடவிட்டவர் அவர்.

அப்படியானால் 'அப்பாச்சி' எங்கிருந்து வந்தது? சூப்பர் கேட்டின் பட்டப்பெயர்களில் ஒன்று 'வைல்ட் அப்பாச்சி'. தாம் வழிபட்ட பாடகரின் பட்டப்பெயரில் பாதியை எடுத்து, அதோடு 'இண்டியன்' என்பதைச் சேர்த்துக்கொண்டார் அந்தப் பஞ்சாபிப் பையன். கோடம்பாக்கத்துப் படப் பாட்டிலிருந்து பர்மிங்ஹாம், அங்கிருந்து கிங்ஸ்டன், கிங்ஸ்டனில் ஒரு கரும்புத் தோட்டக் கூலியின் வாரிசு. நூலைப் பிடித்துக்கொண்டே போனால் அந்த முனையிலும் நம்மைப் போல ஓர் ஆள் நிற்கிறார்.

சூப்பர் கேட் 1963இல் கிங்ஸ்டனில் பிறந்தார். ஆப்பிரிக்க, இந்திய ரத்தம் இரண்டும் கலந்த குடும்பம். வளர்ந்த இடம் காக்பர்ன் பென். இப்போது அதை சீவ்ரைட் கார்டன்ஸ் என்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த இந்தியர்கள் காய்கறி போட்டுப் பிழைத்த பகுதி அது. பின்னால் வறுமையும் துப்பாக்கியும் அங்கே குடியேறின. அந்த இடத்தில் 'பாம்பூ லான்' என்று ஓர் ஆட்டக்களம். ஏழு வயதிலேயே அங்கே போய், 'சோல் இம்பீரியல்' என்ற சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்குக் கூடமாட ஒத்தாசை செய்யத் தொடங்கிவிட்டார்.

சவுண்ட் சிஸ்டம் என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க நான் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. அது நம்ம மைக்செட்.

என் தாய்மாமா மைக்செட் வைத்திருந்தார். 1970களிலும் 80களிலும் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று இந்த வட்டாரத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, தீமிதி எதுவானாலும் அவர் வண்டி போகும். இரண்டு சுழல்மேசை, ஒரு வால்வு ஆம்ப்ளிபையர், நான்கு கூம்பு ஒலிபெருக்கி. கூம்பைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டால் மூன்று தோட்டம் தள்ளிக் கேட்கும். விடியற்காலை முதல் தட்டு எப்போதும் சாமி பாட்டு. பெரட்டுக்குக் கிளம்புகிறவர்கள் அதை வைத்தே நேரம் கணிப்பார்கள். பெண்ணழைப்புக்கு ஒரு தட்டு, தாலி கட்டும்போது ஒரு தட்டு, விருந்து நடக்கையில் ஜாலியாக நாலு தட்டு, ராத்திரி கள்ளுக்கடைப் பக்கம் சத்தம் கூடினால் அதை அடக்க ஒரு தட்டு. எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்பதில் மாமாவுக்கு இருந்த ஞானத்தை நான் எந்த வானொலி அறிவிப்பாளரிடமும் கண்டதில்லை. ஜமைக்காவில் அந்த வேலைக்காரருக்கு 'செலக்டர்' என்று பெயர். 'டீஜே' என்று அவர்கள் சொல்வது ஒலிவாங்கியைப் பிடித்துத் தட்டின்மேல் பேசிப் பாடுகிறவரை.

அந்தப் பேச்சுக்கு இடம் கிடைத்ததே ஒரு தவறினால்தான். 1960களின் கடைசியில், ட்யூக் ரீட் என்பவரின் ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாரகன்ஸ் குழுவின் 'ஆன் தி பீச்' பாட்டுக்குச் சோதனைத் தட்டு வெட்டியபோது பாடகர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். வாத்தியம் மட்டும் பதிந்திருந்தது. ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரடி ரெட்வுட் அதை வாங்கிப் போய் அன்று இரவே களத்தில் போட்டார். குரல் இல்லாத இடத்தில் சனம் தானே பாடியது. அதன்பின் ஜமைக்காவில் வந்த ஏழு அங்குலத் தட்டுகளில் முன்பக்கம் பாட்டு, பின்பக்கம் அதே பாட்டின் வெறும் வாத்தியம் என்பது வழக்கமாயிற்று. பின்பக்கத்துக்குப் பெயர் 'வெர்ஷன்'. அந்தக் காலி இடத்தில் யூ-ராய் என்பவர் 1970இல் பேசிப் பதித்த மூன்று தட்டுகள் ஒரே சமயத்தில் ஜமைக்கா வானொலிப் பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. பின்னாளில் நியூயார்க்கில் ராப் பிறந்ததற்கும் இந்தக் கலைக்கும் உறவு உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ராப்பைத் தொடங்கிவைத்த டீஜே கூல் ஹெர்க் கிங்ஸ்டனில் பிறந்தவர்.

குரலை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொள்வது, அதே மெட்டுக்கு வேறு வேறு ஆட்கள் வேறு வேறு பாட்டு கட்டுவது: இதை 'ரிடிம்' என்கிறார்கள். சிலர் இதைத் திருட்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் தோட்டக் கோயில்களில் திருவிழாவுக்கு அச்சடிக்கும் சின்னப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மாரியம்மன் பேரில் புதுப் பாட்டு இருக்கும், தலைப்புக்குக் கீழே இன்ன சினிமாப் பாட்டு மெட்டு என்று போட்டிருக்கும். பஜனைக் குழுவில் யாருக்கும் இசைக்குறிப்பு தெரியாது. மெட்டின் பெயரைச் சொன்னால் போதும், நூறு பேர் பாடிவிடுவார்கள். காவடிச் சிந்து மெட்டில் எத்தனை பேர் எத்தனை சாமிக்குப் பாடியிருக்கிறார்கள்! மெட்டு ஊர்ப் பொதுக் கிணறு. யார் வேண்டுமானாலும் மொண்டு கொள்ளலாம், குடம் மட்டும் அவரவருடையது.

'பூப்ஸ்' அப்படி மொண்டதுதான். 1968இல் மார்சியா கிரிபித்ஸ் என்ற இளம் பாடகி, ஸ்டூடியோ ஒன் நிறுவனத்துக்காக 'ஃபீல் லைக் ஜம்பிங்' என்று துள்ளலான ஒரு பாட்டுப் பாடினார். ஏறக்குறைய 18 வருடம் கழித்து ஸ்டீலி, கிளீவி என்ற இரண்டு வாத்தியக்காரர்கள் அதன் அடித்தளத்தைப் புதிதாக வாசிக்க, தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலி அதன்மேல் சூப்பர் கேட்டை ஏற்றினார். இளம்பெண்களுக்குப் பணத்தைக் கொட்டி வைத்துக்கொள்ளும் பணக்காரக் கிழவனுக்கு ஜமைக்காப் பேச்சில் 'பூப்ஸ்' என்று பெயர். பாட்டு வெளிவந்ததும் தீவு முழுக்க அதே பேச்சாகிவிட்டது. எதிர்ப்பாட்டு, பதில் பாட்டு, பூப்ஸைத் திட்டி ஒரு பாட்டு, பூப்ஸுக்காகப் பரிந்து ஒரு பாட்டு என்று தட்டு மேல் தட்டாக வந்தன. மறு வருடமே நியூயார்க்கில் பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் குழு அதன் பியானோ வரியை எடுத்து 'தி பிரிட்ஜ் இஸ் ஓவர்' என்ற பாட்டைக் கட்டியது. ராப் வரலாற்றில் தவிர்க்கவே முடியாத பாட்டு அது. 1968இல் கிங்ஸ்டனில் இறங்கிய ஒரு தாளம், ஓர் இந்திய வம்சாவளிக்காரர் வழியாக பிராங்ஸ் போய்ச் சேர்ந்தது.

வின்ஸ்டன் ரைலியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1981இல் சூப்பர் கேட்டின் முதல் தட்டை வெளியிட்டவர் அவர்தான். அதற்குப் பத்து வருடம் முன்பே அவர் தயாரித்த 'டபிள் பேரல்' பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. சுடப்பட்டுப் பல வாரம் மருத்துவமனையில் கிடந்து 2012 ஜனவரியில் இறந்தார். ரெகே தட்டு சேர்க்கிறவன் தாளில் பாடகர் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளர் பெயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதல் தட்டுக்கும் 'பூப்ஸ்'க்கும் நடுவே சூப்பர் கேட் சும்மா இருக்கவில்லை. கில்லமஞ்சாரோ என்ற பெரிய சவுண்ட் சிஸ்டத்தில் எர்லி பி என்ற மூத்த டீஜேயோடு இரவிரவாகப் பாடினார். பேர் வந்த பிறகு 'வைல்ட் அப்பாச்சி' என்று சொந்தத் தயாரிப்புப் பெயர் வைத்துக்கொண்டார். பிறகு அமெரிக்கா. 1992இல் கொலம்பியா நிறுவனம் அவருடைய 'டான் டாடா' தொகுப்பை வெளியிட்டது. களத்தில் ஒலிவாங்கி பிடித்துப் பேசிப் பாடும் டான்ஸ்ஹால் இசைக்காரர் ஒருவரை அமெரிக்கப் பெரிய நிறுவனம் நம்பி எடுத்தது அந்தக் காலத்தில் அரிது. 1993இல் அவருடைய 'டாலி மை பேபி' பாட்டின் மறுபதிப்பில், அப்போது யாரும் அறியாத ஒரு பருமனான இளைஞர் சில வரிகள் பாடினார். பின்னால் ராப் பாடகர் நொடோரியஸ் பி.ஐ.ஜி. என்று உலகமே கொண்டாடியது அவரைத்தான். 1997இல் சுகர் ரே என்ற கலிபோர்னியா ராக் குழு 'ஃப்ளை' பாட்டுக்கு சூப்பர் கேட்டை அழைத்தது. அந்த வருடம் அமெரிக்க வானொலிகளில் அதிகம் ஒலித்த பாட்டுகளில் ஒன்று அது. அதற்குப் பின் புதுத் தட்டுகளில் அவர் பெயர் அரிதாகவே வந்தது. 2012இல் ராப் பாடகர் நாஸ் தம் 'தி டான்' பாட்டுக்கு சூப்பர் கேட்டின் பழைய குரலைத்தான் அடித்தளமாக்கினார்.

எனக்கு 'டான் டாடா'வைவிட 80களின் நடுவில் வந்த ஏழு அங்குலத் தட்டுகளே உசத்தி. 'டான் டாடா' கூடத்தில் உட்கார்ந்து மெருகேற்றியது. முந்தியவற்றில் மூச்சு வாங்குவது கேட்கும், சொல் தாளத்தின் ஓரத்தில் தடுக்கி மறுபடி ஏறிக்கொள்வது கேட்கும். அவர் குரலில் இந்திய ராகம் இருக்கிறது, பாட்டனார் பாடிய போஜ்பூரிப் பாட்டின் சாயல் இருக்கிறது என்றெல்லாம் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது முழுக்க முழுக்கக் கிங்ஸ்டன் குரல். தலைமுறை தலைமுறையாய் ஒரே மண்ணில் கரும்பு வெட்டியும் கீரை போட்டும் வாழ்ந்தவன் அந்த மண்ணின் பேச்சில்தான் பாடுவான். நான் கோல சிலாங்கூரில் மலாயும் சீனமும் கலந்த தமிழில் பேசுவது போலத்தான். தாய்மண்ணின் எச்சத்தை அவரிடம் தேடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஜமைக்காவில் 'கூலி' என்பது இந்தியரைக் குத்திக்காட்டும் சொல். இங்கே நமக்கும் ஒரு சொல் இருக்கிறது, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் 'கூலி'யே ஒரு மெட்டின் பெயராகி, 2004இல் நீனா ஸ்கை குழு பாடிய 'மூவ் யா பாடி' வரை உலகத்தைச் சுற்றியது. அதற்கு இரண்டு வருடம் முன் 'தீவாளி' என்று ஒரு ரிடிம் வந்தது. தயாரிப்பாளர் லென்கி மார்ஸ்டன் கைத்தட்டலை வைத்துக் கட்டியது. அதில் ஜமைக்காப் பாடகர் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003இல் அமெரிக்காவில் முதலிடம். கோலாலம்பூர் விருந்துகளில் அதற்கு ஆடிய நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தீபாவளி என்று தெரிந்திருக்கும்?

நம்மவர்களுக்கு ரெகே ஏன் பிடிக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். உறுமி மேளத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அடியில் உறுமும் பாஸ் கிட்டார் அந்நியம் இல்லை என்பது ஒன்று. தாளத்தில் இன்னொன்று இருக்கிறது. நாலு தட்டில் முதல் தட்டை ரெகே காலியாக விடும், மூன்றாவதில்தான் பெரிய டிரம் விழும். இரண்டிலும் நாலிலும் கிட்டார் 'சக்' என்று வெட்டும். நம் இசையில் தாளம் தொடங்கிய பிறகு சற்றுத் தாமதித்துப் பாட்டை எடுப்பதற்கு அனாகத எடுப்பு என்று பெயர். அந்தக் காத்திருப்பின் சுகம் தெரிந்த காதுக்கு ரெகே உடனே பிடிபடும். மலேசியாவிலேயே சசி தி டான் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ரெகே பாடியிருக்கிறார். ரிபப்ளிக் ஆஃப் பிரிக்பீல்ட்ஸ் என்று தம் வட்டாரத்தின் பெயரையே சூடிக்கொண்ட ரெகே குழுவும் இங்கே உண்டு. ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு ரெகே என்றால் கஞ்சாதான் நினைவுக்கு வரும். போதைப்பொருளுக்குத் தூக்குக் கயிறு இருந்த நாட்டில் அவர்கள் பயந்ததில் தப்பில்லை. பாப் மார்லி படம் போட்ட என் சட்டையை அம்மா தரை துடைக்கும் துணியாக்கிவிட்டார். இன்று அவரே என் தட்டுகளுக்குத் துணி உறை தைத்துத் தருகிறார்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையை விட்டுவிட்டு ரெகேயை மட்டும் சேர்க்க முடியாது. 'சோல் இம்பீரியல்' என்று அந்த மைக்செட்டுக்கே பெயர் இருந்ததைக் கவனியுங்கள். 1950களிலும் 60களிலும் ஜமைக்காக்காரர்கள் இரவில் வானொலிப்பெட்டியைத் திருகி நியூ ஆர்லியன்ஸ், மயாமி நிலையங்களைப் பிடித்து அமெரிக்கக் கறுப்பின இசையைக் கேட்டார்கள். கர்ட்டிஸ் மேபீல்டின் இம்ப்ரெஷன்ஸ் குழுவைக் கேட்டுத்தான் மார்லியின் வெய்லர்ஸ் குழு ஒத்துப் பாடப் பழகியது. நமக்கும் ஒரு சோல் குடும்பம் இருந்தது. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நடத்திய அல்லிகேட்ஸ். கூடை கவிழ்த்தது போன்ற சுருட்டை முடி, 70களில் ஹாங்காங் மேடைகள், பிறகு மலாயில் பாட்டு. மலாய்க் குடும்பங்களின் கல்யாண வீடுகளில் இன்றும் ஒலிப்பது அந்தத் தமிழ்ச் சகோதரர்களின் குரல். லோகா 2007இல் மறைந்தார். அவர்களுடைய ஆரம்பகாலத் தட்டுகளை நான் ரெகே அடுக்கிலேயே வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருந்தவர்கள் அடுத்தவர் மொழியில் பாடி அந்த மொழிக்கே உரியவர்கள் ஆனது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

தட்டு சேர்ப்பது பணக்கார விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் அப்படியும் நடக்கிறது. பிராங்க் வில்சன் என்ற அமெரிக்க சோல் பாடகரின் ஓர் ஏழு அங்குலத் தட்டு 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. நிறுவனம் வெளியிடாமல் அழித்துவிட்ட பதிப்பு, தப்பியவை மிகச் சிலதான் என்பதால் அந்த விலை. அதெல்லாம் நமக்கு வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கார்ப் மாலில் வார இறுதிப் பழம்பொருள் சந்தையில் மண்டியிட்டு உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளைப் புரட்டினால் 10 வெள்ளிக்கும் 20 வெள்ளிக்கும் நல்லவை கிடைக்கும். தட்டை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கோடு தொந்தரவு செய்யாது. நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கும் கீறல்தான் ஊசியைக் குதிக்க வைக்கும். விளிம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வளைவு பாருங்கள். ஜமைக்காத் தட்டுகளில் சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பழைய தட்டை உருக்கி மறுபடி வார்த்ததும் துளையை நடு தப்பிப் போட்டதும் அங்கே சகஜம். வீட்டுக்குக் கொண்டு வந்தால் புத்தகம்போல நிற்கவையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டால் நம் வெயிலுக்கு அப்பளம்தான். வெளிநாட்டு விற்பனைக்காரர் ஒருவரிடம் 180 வெள்ளி கொடுத்து வரவழைத்த தட்டு, மெல்லிய தாளில் சுற்றி வந்து, இரண்டாக உடைந்து என் கைக்குக் கிடைத்தது. அந்தத் துண்டுகளை இன்னும் எறியவில்லை.

ஆனால் எனக்கு உண்மையாக நெஞ்சை அறுப்பது வேறு. ஜமைக்காவில் யாரோ போட்டுவிட்டுப் போன தட்டைக் கடல் தாண்டி வரவழைக்கிறேன். மாமாவின் தட்டுகள் எங்கே?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறி, வீட்டுமனை வந்தது. லயங்களை உடைத்தபோது ஆட்கள் கட்டிலையும் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தை, காப்பார், கிள்ளான் அடுக்குவீடுகளுக்குப் போனார்கள். கூம்பையும் தட்டுப்பெட்டியையும் வைக்க அங்கே ஏது இடம்? அதற்குள் கேசட் வந்து மைக்செட்டின் மவுசையும் குறைத்திருந்தது. ஏறக்குறைய 600 தட்டுகள். கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்தி வந்த எச்.எம்.வி. தமிழ்ப் படத் தட்டுகள், சிங்கப்பூரில் அச்சான மலாய்த் தட்டுகள், எங்கிருந்து வந்தன என்றே தெரியாத நாலைந்து ஆங்கிலத் தட்டுகள். மாமா ஒரு நாள் பழைய சாமான் லாரிக்காரனுக்கு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார். எத்தனை வெள்ளி கிடைத்தது என்று இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு உறையிலும் எந்தத் தோட்டத்தில், யார் வீட்டு விசேஷத்தில், எந்தத் தேதியில் போட்டது என்று பென்சிலால் குறித்திருப்பார். இந்த வட்டாரத்துக் கல்யாணங்களின் பதிவேடு அது. கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம் தட்டுகளைத் தேடிச் சேர்க்கவும் ஆராயவும் உலகத்தின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் போகிறார்கள். 2018இல் ரெகே யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நம் தோட்டத்து மைக்செட்டுக்கு ஒரு படம்கூட ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை நாம். இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டு மேல்தட்டிலாவது பென்சில் குறிப்போடு பழைய உறை கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சென்ற தைப்பூசத்துக்கு மறுநாள் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். வயது 79. இடது காது அநேகமாகக் கேட்காது. கூம்புக்குப் பக்கத்திலேயே நின்ற காது அது. தே தாரிக் ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்த 'பூப்ஸ்' தட்டை எடுத்தேன்.

"என்னடா இது, ஓட்டை இவ்ளோ பெருசா இருக்கு?"

"ஜமைக்கா தட்டு மாமா. நடுவுல வில்லை போடணும்."

வில்லையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு தட்டைக் கேட்டார். நான் கொடுக்கத் தயங்கினேன், அவர் கை நடுங்கும். வாங்கிய மாத்திரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. உள்ளங்கை விளிம்பிலும் விரல் நுனி நடுத்தாளிலுமாக, வரியில் ஒரு ரேகை படாமல் பிடித்துத் திருப்பினார். பழைய பிடி. அவரே மேசையில் வைத்தார், அவரே ஊசியை இறக்கினார். எச்சரிக்கையாக, ஓரத்தில், சத்தமே இல்லாமல்.

பாட்டு முடியும்வரை வலது காதை ஒலிபெருக்கிப் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடுகிறவர் நம்மாளு வம்சம், கரும்புக்குப் போனவங்க பேரப்பிள்ளை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். தட்டைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம். குரல் இல்லை. பாஸும் பியானோவும் டிரம்மும் மட்டும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமா கேட்டார்.

"பாட்டு எங்கடா? ஆளக் காணோம்?"

"இந்தப் பக்கம் நாமதான் பேசணும் மாமா. மைக் பிடிச்சிப் பேசுறவனுக்காக விட்டது."

அவர் சிரித்தார். தே தாரிக் கோப்பையைக் கீழே வைத்தார். முஷ்டியை மடக்கி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, அந்தத் தாளத்துக்குமேல், திருவிழாவில் சொல்கிற அதே நீட்டலில் ஆரம்பித்தார்: பெரியோர்களே, தாய்மார்களே, பூக்குழி இறங்கும் பக்தர்கள் எல்லாரும் கோயில் வாசலுக்கு வந்து சேரவும். செம்பு தொலைச்ச பிள்ளையோட அம்மா மைக்செட் பக்கம் வரவும்.